திரையில் ஒரு நிறம், தாளில் ஒரு நிறம்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

செங்கோட்டை, 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊர். கேரளப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரை இன்றும் பெண் கொடுக்கிறோம், பெண் எடுக்கிறோம். அதனால் இங்குள்ள ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. ஒரே குரூப் போட்டோவில் பெண் வீட்டார் அரக்குப் பட்டிலும் மாப்பிள்ளை வீட்டார் சரிகைக் கரை வைத்த கேரளத் துணியான கசவிலும் நிற்பார்கள். கசவின் சந்தன வெள்ளையைக் காப்பாற்றப் போனால் அரக்கு செங்கல் நிறமாகிவிடும். அரக்கைப் பிடித்து இழுத்தால் கசவு ரோஸ் அடிக்கும். இரண்டையும் ஒரே தாளில் நிறுத்தப் பட்ட பாட்டில் கற்றுக்கொண்டவைதான் கீழே இருப்பவை.

நிறம் பொருந்தவில்லை என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது, எப்படிப் பொருந்தவில்லை என்பதைத்தான். இருண்டிருக்கிறதா, நீலம் பாய்ந்திருக்கிறதா, சிவந்திருக்கிறதா, வெளிறியிருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. அதைக் கண்டுபிடிக்கும் முன்பே கோப்பைத் திருத்தத் தொடங்கினால், அடுத்த பிரிண்டில் பழைய பிழையோடு புதுப் பிழையும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் ஒரு சோதனைப் படம்

இரண்டு மூன்று வகை முக நிறங்கள், கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக ஏறும் சாம்பல் பட்டை, பச்சை இலை, சிவப்புத் துணி, இத்தனையும் அடங்கிய எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கும் லேப்களுக்கும் பொதுவான நிற அமைப்பு) கோப்பு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இதற்கென்றே தயாரித்த சோதனைப் படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல், நீங்கள் வழக்கமாக அச்சடிக்கும் அதே தாளில், அதே வழியில் அச்சடியுங்கள். வாசலுக்கு எடுத்துப் போய், நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

சோதனைப் படம் தாளில் நன்றாக வந்து, உங்கள் படம் மட்டும் கெட்டிருந்தால் கோளாறு உங்கள் திரையில் இருக்கிறது, அல்லது அந்தத் திரையை நம்பி நீங்கள் செய்த திருத்தத்தில் இருக்கிறது. சோதனைப் படமே கெட்டு வந்தால் பிரிண்டர், மை, தாள், டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) இவற்றில் ஒன்று, அல்லது வெளியே அச்சடித்துத் தரும் லேப். இந்த ஒரு பிரிண்டுக்கு ஆகும் செலவு, பாதிக்கு மேற்பட்ட வீண் வேலையை மிச்சம் பிடிக்கும். வாசலில் பார்க்கும்போது ஒன்று கவனியுங்கள். ஜூன், ஜூலையில் சாரல் மேகம் மூடிய நாளின் வெளிச்சம் நீலம் கலந்தது; சித்திரை மாதக் காலை வெளிச்சம் அப்படி இருக்காது. இரண்டு பிரிண்டை ஒப்பிட வேண்டுமானால் ஒரே வேளையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். போன வாரம் பார்த்த ஞாபகத்தோடு ஒப்பிடாதீர்கள்.

“படம் இருண்டு வந்திருக்கிறது”

வருகிற புகார்களில் முக்கால்வாசி இதுதான். பிரிண்டர் மேல் சந்தேகப்பட்டு மை மாற்றியவர்கள், லேப் மாற்றியவர்கள் எத்தனையோ பேர். காரணம் பெரும்பாலும் திரையின் வெளிச்சம். கடையிலிருந்து வாங்கி வந்து பெட்டியைப் பிரித்து மாட்டிய மானிட்டர் 250, 300 கேண்டெலா (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் எரிந்துகொண்டிருக்கும். தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அறையில் விழும் ஒளியைத் திருப்பித் தருவது மட்டுமே அதன் வேலை. அச்சுக்காகப் படம் திருத்துகிறவர்கள் திரையை ஒரு சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் வைத்துக்கொள்வது வழக்கம்.

அளக்கக் கருவி இல்லையா? இப்படிச் செய்யுங்கள். மானிட்டர் அரை மணி நேரம் எரியட்டும். போட்டோஷாப்பில் வெள்ளை மட்டும் நிறைந்த ஒரு புதுக் கோப்பைத் திரை முழுக்கத் திறந்துகொள்ளுங்கள். அச்சடிக்காத போட்டோ தாள் ஒன்றை, பிரிண்டை எந்த விளக்கின் கீழ் பார்ப்பீர்களோ அதன் கீழ், திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். தாள் சாம்பலாகவும் திரை டியூப்லைட் போலவும் தெரியும். திரையின் பிரைட்னஸை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இரண்டு வெள்ளையும் ஒன்றுபோலத் தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். கான்ட்ராஸ்டைத் தொடாதீர்கள். முதல் இரண்டு நாள் திரையில் அழுக்குப் படிந்தது போலிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், கண் பழகிவிடும். அந்த அமைப்பிலேயே பழைய கோப்பைத் திறந்தால், தாளில் வந்த அதே இருட்டு இப்போது திரையிலும் தெரியும். இனிமேல்தான் கோப்பைத் திருத்த வேண்டும்.

குறைத்த பிறகும் பொருந்தவில்லை என்றால் மானிட்டர் மெனுவுக்குள் போங்கள். ‘டைனமிக் கான்ட்ராஸ்ட்’, ‘விவிட்’ போன்றவை இயங்கிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். லேப்டாப்பில் பேட்டரியைச் சேமிப்பதற்காகத் திரை வெளிச்சம் தானாக ஏறி இறங்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். மலிவான லேப்டாப் திரைகள் சிலவற்றில் தலையைச் சற்று ஏற்றி இறக்கினாலே நிழல் பகுதியின் வெளிச்சம் மாறித் தெரியும். அதில் ஆல்பம் திருத்துவதை விட்டுவிடுவதே நல்லது. வெளியிலிருந்து ஓர் ஐபிஎஸ் மானிட்டரை (பார்க்கும் கோணத்தால் நிறம் அதிகம் மாறாத வகை) இணைத்துக்கொள்ளுங்கள்.

மணப்பெண்ணின் கூந்தலும் கறுப்புக் கோட்டின் மடிப்பும் மட்டும் ஒரே கறுப்பாக அடைத்துக்கொண்டு வருவது தனிக் கதை. சாதாரண ஐபிஎஸ் மானிட்டரில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் ஆயிரத்துக்கு ஒன்று. நல்ல கிளாசி தாளில் அது இருநூறை ஒட்டித்தான் நிற்கும், மேட் தாளில் அதிலும் குறைவு. திரையில் தெரிந்த கடைசி இழைகள் தாளில் நிற்க இடம் இல்லை. போட்டோஷாப்பின் கர்வ்ஸ் வரைகோட்டில் இருட்டுக்குரிய அடிப்பகுதியை மட்டும் சிறிதளவு தூக்கிக் கொடுத்தால் போதும். படம் முழுவதையும் வெளுக்கடித்தால் முகம் கெட்டுவிடும்.

“வெள்ளை வெள்ளையாக இல்லை, நீலம் பாய்ந்திருக்கிறது”

புனலூரிலிருந்து ஓர் அம்மா ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார். கூடவே ஒரு துணிப்பை. ஆல்பத்தை மேசை மேல் விரித்து, பையிலிருந்து மடித்த நேரியதை (கசவு மேல்துணியை) எடுத்து அந்தப் பக்கத்தின் மேலேயே வைத்தார். “தம்பி, இது என் மாமியார் கொடுத்தது. இந்த நிறமா இது?” என்று கேட்டார். நூல் சந்தன நிறத்தில் இருந்தது. படத்தில் அதே துணி, நீலம் போட்டு வெளுத்த வேட்டி போல இருந்தது. கரையில் இருந்த சரிகைகூடப் பித்தளையாகத் தெரிந்தது. “இல்லை அம்மா, தவறு எங்களுடையது. மாற்றித் தருகிறோம்” என்றேன்.

கோப்பைத் திறந்து, நிற எண்களைக் காட்டும் ஐட்ராப்பரைத் துணியின் மேல் வைத்துப் பார்த்தேன். சிவப்பு 228, பச்சை 230, நீலம் 238. சந்தன வெள்ளைக்கு எண்கள் தலைகீழாக இருக்க வேண்டும்: சிவப்பு முதலில், பச்சை அடுத்து, நீலம் எல்லாவற்றிலும் குறைவாக. ஆகவே பிரிண்டர் தன் கடமையைச் செய்திருந்தது, கெடுத்தது என் திருத்தம். அந்தப் பக்கங்களை இரவில் திருத்தியிருந்தேன். மாலை ஏழு மணிக்கு விண்டோஸின் ‘நைட் லைட்’ தானாக இயங்கித் திரையை மஞ்சளாக்கியிருக்கிறது. திரையில் தெரிந்த மஞ்சளைத் துணியின் மஞ்சள் என்று எண்ணிக் கழித்துவிட்டேன். தாளில் எஞ்சியது நீலம்.

இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். திரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, பிரிண்ட் அதற்கு எதிர்ப்பக்கம் சாயும். திரை மஞ்சளாக இருந்தால் நாம் மஞ்சளைக் கழிப்போம். தாள் நீலமாக வரும். திரை நீலமாக இருந்தால் நாம் மஞ்சளைச் சேர்ப்போம். தாள் மஞ்சளாக வரும். பழைய மானிட்டர்கள் சிலவற்றில் வெள்ளை 9300 கெல்வினில் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அலகு) இருக்கும், அது குளிர்ந்த நீல வெள்ளை. மெனுவில் 6500 என்று எண் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். எண் இல்லையென்றால் ‘வார்ம்’, ‘நார்மல்’ இரண்டில் தாளின் வெள்ளைக்கு நெருங்குவதை வையுங்கள். நைட் லைட், ‘ஐ கேர்’, ஆப்பிள் கருவிகளில் ‘ட்ரூ டோன்’, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

திரை சரி, எண்ணும் சரி, ஆனால் லேப்பிலிருந்து வந்த பிரிண்டில் மட்டும் கசவு நீலமாக இருக்கிறதா? லேப்பில் படம் அச்சடிக்கும் மினிலேப் இயந்திரமும் அதை இயக்குகிறவரும் படத்துக்குப் படம் கரெக்ஷன் போடுவது வழக்கம். படத்தில் பாதி சந்தன நிறம் நிறைந்திருந்தால், மஞ்சள் பாய்ந்த படம் என்று எண்ணித் திருத்திவிடுவார்கள். ஆர்டர் தாளிலேயே “கரெக்ஷன் வேண்டாம், கோப்பில் உள்ளபடியே போடவும்” என்று எழுதிக் கொடுங்கள். நான் சிவப்பு மையில் எழுதுகிறேன்.

தாளின் குணமும் இதில் சேரும். மிகவும் பளீர் வெள்ளையாகத் தெரியும் தாள்களில் ஒளிர்வூட்டும் ரசாயனம் கலந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் தருவதுதான் அதன் வேலை. வாசலில் பளிச்சென்று நீலம் தட்டும் அதே தாள், புற ஊதாக் கதிர் ஏறக்குறைய இல்லாத எல்இடி விளக்கின் கீழ் மங்கித் தெரியும். கசவுப் பக்கங்களுக்கு நான் சற்று மஞ்சள் தட்டிய தாளையே தேர்ந்தெடுக்கிறேன்.

கண்ணால் ஒப்பிட்டுச் சரி செய்வதற்கு ஓர் எல்லை உண்டு. மாதத்துக்கு இரண்டு ஆல்பமாவது செய்கிறவர் என்றால் திரையை அளக்கும் கருவி ஒன்றை வாங்கிவிடுங்கள்; ஸ்பைடர், கேலிபிரைட் இரண்டும் பரவலாகக் கிடைக்கின்றன. வெள்ளை 6500 கெல்வின், காமா (நடுத்தர நிறங்களின் வெளிச்ச அமைப்பு) 2.2, வெளிச்சம் 100 கேண்டெலா என்று இலக்கு கொடுத்து, மாதம் ஒருமுறை அளந்தால் போதும். அளந்த பிறகு யாராவது மானிட்டர் பொத்தானைத் தொட்டால் அளந்தது அத்தனையும் வீண். எங்கள் கடையில் பொத்தான்களின் மேல் செல்லோடேப் ஒட்டியிருக்கிறேன்.

“முகமெல்லாம் செம்பு மாதிரி சிவந்திருக்கிறது”

உங்கள் சொந்த இங்க்ஜெட் பிரிண்டரில் இப்படி வந்தால், நிறத்தை இரண்டு பேர் திருத்தியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். போட்டோஷாப் ஒருமுறை தாளுக்கு ஏற்ப நிறத்தை மாற்றி அனுப்புகிறது. பிரிண்டர் டிரைவர் அதை வாங்கி மறுபடியும் மாற்றுகிறது. முகம் மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) பாய்ந்து, நிழல்கள் கனத்துப் போகின்றன.

பிரிண்ட் ஜன்னலில் ‘கலர் ஹேண்ட்லிங்’ என்ற இடத்தைப் பாருங்கள். ‘போட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்’ என்று வைத்தால், அதற்குக் கீழே உங்கள் பிரிண்டருக்கும் தாளுக்கும் உரிய புரொஃபைலை (நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பை) தேர்ந்தெடுங்கள். பின்னர் டிரைவருக்குள் போய் நிறத் திருத்தத்தை நிறுத்துங்கள். எப்சனில் அது ‘நோ கலர் அட்ஜஸ்ட்மெண்ட்’ என்றும், கேனானில் நிறப் பொருத்தத்துக்கு எதிரே ‘நன்’ என்றும் இருக்கும். புரொஃபைல் இல்லாத தாள் என்றால் ‘பிரிண்டர் மேனேஜஸ் கலர்ஸ்’ என்று வைத்து, டிரைவரிடமே முழுப் பொறுப்பையும் விட்டுவிடுங்கள். யாராவது ஒருவர்தான் திருத்த வேண்டும். தாளின் வகையையும் டிரைவரில் சரியாகக் குறிப்பிடுங்கள். மேட் தாளை வைத்துவிட்டு கிளாசி என்று சொன்னால், தாள் தாங்காத அளவுக்கு மை இறங்கும்.

சாரல் சீசன் மாதங்களில் இன்னொன்றும் பார்க்கிறேன். ஈரக் காற்றில் தாள் நெளிகிறது, மை மெதுவாகக் காய்கிறது. காயாத பிரிண்டின் நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரு ராத்திரி விட்டுக் காலையில் பாருங்கள். மிச்சத் தாளைப் பாக்கெட்டோடு, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

“சாயம் போன துணி மாதிரி வெளிறியிருக்கிறது”

முதல் சந்தேகம் அடோப் ஆர்ஜிபி, எஸ்ஆர்ஜிபியைவிட அகன்ற நிற அமைப்பு. கேமராவில் அந்த அமைப்பில் எடுத்த கோப்பை, எஸ்ஆர்ஜிபியை எதிர்பார்க்கும் மினிலேப்புக்கு அப்படியே அனுப்பினால், குங்குமமும் வாழையிலையும் உயிர் இழந்து வரும். அனுப்பும் முன் ‘கன்வெர்ட் டு புரொஃபைல்’ மூலம் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். பக்கத்திலேயே இருக்கும் ‘அசைன் புரொஃபைல்’ வேறு வேலை செய்வது. அது எண்களை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றும், நிறம் இன்னும் கெடும். கல்யாணப் பத்திரிகைக்கும் ஆஃப்செட் அச்சுக்கும் பழகியவர்கள் ஆல்பப் பக்கங்களையும் சிஎம்ஒய்கேயாக (நான்கு மை நிறங்களாக) மாற்றி அனுப்புகிறார்கள். அதுவும் வேண்டாம், ஆல்பம் லேப்புக்கு ஆர்ஜிபியாகவே கொடுங்கள்.

இங்க்ஜெட்டில் வெளிறினால், தாளைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒருபக்கம் மட்டும் பூச்சுள்ள தாளின் பின்புறத்தில் மை ஊறிப் பரவும்.

“கோடு கோடாக வருகிறது”, “ஒரு நிறமே இல்லை”

மை வரும் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் நாசில் செக் எடுங்கள். விடுபட்ட கோடுகள் இருந்தால் ஒருமுறை ஹெட் கிளீனிங், மறுபடி நாசில் செக். மூன்று முறைக்கும் சரியாகவில்லை என்றால் நிறுத்திவிட்டுச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். தொடர்ந்து கிளீனிங் கொடுத்தால் மைதான் தீரும். கோடை விடுமுறையில் கடையைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள், வாரம் ஒருமுறை யாரையாவது வைத்து ஒரு வண்ணப் பக்கம் அச்சடிக்கச் சொல்லுங்கள்.

“மற்றதெல்லாம் சரி, அந்த ஒரு நிறம் மட்டும் வரவில்லை”

வரவேற்பு மேடையில் எரியும் நீல, ஊதா எல்இடி விளக்குகள்தான் இதில் முதல் வழக்கு. திரை நீல ஒளியை நேராகவே உமிழ்கிறது. தாளில் நீலம் என்பது சயானும் (பச்சை கலந்த நீலம்) மெஜந்தாவும் கலந்து, மற்ற ஒளியை விழுங்கிவிட்டு மிச்சம் தருவது. அந்தக் கலவையால் எட்ட முடியாத நீலங்கள் திரையில் உண்டு. புளியரை வயலில் எடுத்த வெளிப்புறப் படங்களில், இளநாற்றின் பச்சைக்கு சாச்சுரேஷன் (நிறத்தின் அடர்த்தி) ஏற்றிவிட்டால் அதற்கும் இதே கதிதான்.

இங்கே பிரிண்டரைக் குறை சொல்வதற்கில்லை. திரையிலேயே முன்கூட்டிப் பார்த்துவிடலாம். போட்டோஷாப்பில் ‘வியூ’, ‘புரூஃப் செட்டப்’, ‘கஸ்டம்’ என்று போய், உங்கள் தாளின் புரொஃபைலைக் கொடுங்கள். பல லேப்கள் கேட்டால் தங்கள் புரொஃபைலைத் தருகின்றன. ‘சிமுலேட் பேப்பர் கலர்’ கட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது படம் சட்டென்று செத்துப்போனது போலிருக்கும். அந்த நொடி கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, பிறகு பாருங்கள். தாளில் வரப்போவது ஏறக்குறைய அதுதான். ‘கேமட் வார்னிங்’ கொடுத்தால் தாளுக்கு எட்டாத நிறங்கள் சாம்பல் திட்டாகத் தெரியும்.

அந்தத் திட்டில் உள்ள நிறத்தின் சாச்சுரேஷனை மட்டும் குறையுங்கள். எட்டாத நிறங்களை எப்படிக் கையாள்வது என்று சொல்லும் ரெண்டரிங் இன்டென்ட்டில் ‘பெர்செப்சுவல்’, ‘ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்’ இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். முன்னது எல்லா நிறத்தையும் சற்றுச் சுருக்கி, விளக்கு ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் காப்பாற்றும். பின்னது எட்டும் நிறங்களை அப்படியே விட்டு, எட்டாதவற்றை மட்டும் எல்லைக்கு இழுக்கும். மேடைப் படங்களுக்கு முதலாவது, முகம் நிறைந்த படங்களுக்கு இரண்டாவது, கூடவே ‘பிளாக் பாயின்ட் காம்பென்சேஷன்’ (படத்தின் கறுப்பைத் தாளின் கறுப்புக்குப் பொருத்துவது). நான் இப்படித்தான் செய்கிறேன்.

“கடையில் நன்றாக இருந்தது, வீட்டில் மாறிவிட்டது”

அரக்குப் பட்டு இதில்தான் மாட்டிக்கொள்ளும். விலை குறைந்த எல்இடி விளக்கில் ஆழ்ந்த சிவப்பு ஒளி குறைவு. விளக்கே தராத சிவப்பைத் தாள் எங்கிருந்து திருப்பித் தரும்? பட்டு பழுப்பாகத் தெரியும். அச்சுத் தொழிலுக்கான ஐஎஸ்ஓ 3664 தரநிலை, பிரிண்டைப் பார்க்கும் ஒளி டி50, அதாவது 5000 கெல்வின் ஒளி என்று சொல்கிறது. நுணுக்கமாக ஒப்பிட 2000 லக்ஸ் (தாளில் விழும் ஒளியின் அளவு), சாதாரணமாகப் பார்த்து மதிப்பிட 500 லக்ஸ். அந்த அளவுக்கு ஒளிப் பெட்டி வாங்க முடியாவிட்டாலும், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 90க்கு மேல் என்று அட்டையில் போட்ட 5000 கெல்வின் விளக்கு ஒன்றைப் பிரிண்ட் பார்க்கும் மேசைக்கு மேல் மாட்டலாம்.

சுவரையும் பாருங்கள். எங்கள் பக்கம் கடைச் சுவர்களுக்குக் கிளிப்பச்சை அடிப்பது பழக்கம். அந்தப் பச்சை தாளின் மேலும் திரையின் மேலும் விழுகிறது, கண்ணும் அதற்குப் பழகிக்கொள்கிறது. திருத்தும் அறைக்கு மட்டுமாவது வெளிர் சாம்பல் அடியுங்கள். சுவரை மாற்ற முடியாதென்றால் மானிட்டருக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறத் துணியைத் தொங்கவிடுங்கள்.

“என் செல்போனில் வேறு மாதிரி இருந்ததே”

வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய மாதிரியைப் பார்த்து ஒப்புதல் சொன்னவர், ஆல்பம் வந்ததும் கேட்பது இது. இன்றைய போன் திரைகளில் பல, எஸ்ஆர்ஜிபியைவிட அகன்ற நிறப் பரப்பு உள்ளவை. வெயிலில் பார்க்கும்போது வெளிச்சமும் தானாக ஏறிவிடும். அந்தத் திரையைப் பொருத்திப் பார்க்க நம்மிடம் வழி இல்லை.

ஆகையால் நிறத்துக்கான ஒப்புதலைப் போனில் வாங்குவதில்லை. ஆல்பம் போடும் முன், முகம் ஒன்று, கசவு ஒன்று, அரக்கு ஒன்று, மேடை விளக்கு ஒன்று என்று நான்கு படங்களை ஒரே தாளில் சேர்த்து, ஆல்பம் போகப்போகும் அதே லேப்பில், அதே தாளில் ஒரு மாதிரி எடுக்கிறேன். வீட்டுக்காரரைக் கடைக்கு வரச்சொல்லி, வாசல் வெளிச்சத்தில் ஒருமுறை, விளக்கின் கீழ் ஒருமுறை காட்டுகிறேன். வீட்டிலும் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கொடுத்தனுப்புகிறேன். அதற்கு ஜோடியாக இன்னொரு பிரதி எங்களிடம் இருக்கும். அதன் பின்புறத்தில் தேதி, தாளின் பெயர், புரொஃபைல், அன்றைய திரை வெளிச்சம் எல்லாவற்றையும் பென்சிலால் குறித்துக் கறுப்பு உறைக்குள் வைக்கிறேன். ஆல்பம் வந்து இறங்கியதும் நான் திரையைப் பார்ப்பதில்லை. அந்த உறையைத்தான் பிரிக்கிறேன்.